சிப்பிக் காளான் பையின் அடியில் தண்ணீர் தேங்கிப் புளித்த நாற்றம் வருகிறது. வைக்கோலில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

65 சதவீதம். 70-ஐத் தாண்டினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். வைக்கோல் துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். வைக்கோலுக்குள் வெள்ளை நூலாகப் பரவும் காளான் இழை மூச்சுமுட்டி நின்றுவிடும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அந்தப் புளித்த வாடை அவற்றுடையது.

ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் இந்தச் சோதனை ஏமாற்றவும் செய்யும். வைக்கோலின் மேல்தோலில் மெழுகு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்க நேரமெடுக்கும். ஒரு மணி நேரம் மட்டும் ஊறிய வைக்கோல் வெளியே சொட்டும், உள்ளே காய்ந்தே கிடக்கும். ஒரு கணுவைப் பிளந்து பாருங்கள்: உள்ளேயும் நிறம் மாறி மெத்தென்று இருந்தால்தான் ஊறியிருக்கிறது. 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி 4, 5 மணி நேரம் ஊற வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டால் தொட்டியிலேயே புளித்துவிடும்.

தராசு இருந்தால் கையை நம்ப வேண்டியதில்லை. காய்ந்த வைக்கோலிலேயே சுமார் 10 சதவீதம் ஈரம் உண்டு. ஆக 1 கிலோவில் உலர்பொருள் 900 கிராம். பையில் போடும் நேரத்தில் அந்த 1 கிலோ வைக்கோல் ஊறி 2.5 முதல் 2.6 கிலோ இருந்தால் ஈரம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 3 கிலோ காட்டினால் இன்னும் உலர்த்துங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது, ஊறிய வைக்கோலை ஒரு மணி நேரம் வேகவைத்து எடுத்த பிறகுதான். தண்ணீரை வடித்ததும் சூட்டோடு பையில் அடைக்கிறார்கள். ஆவி உள்ளேயே குளிர்ந்து அடியில் இறங்கிவிடும், வைக்கோலோடு போடும் காளான் வித்தும் சூட்டில் செத்துப்போகும். சுத்தமான பாலித்தீன் விரிப்பில் மெல்லிசாகப் பரப்பி, நிழலில், கிளறிக் கிளறி ஆறவிடுங்கள். அடைமழை நாளில் இது பல மணி நேரம் பிடிக்கும். கடிகாரம் பார்த்து எடுக்காதீர்கள், எடை பார்த்து எடுங்கள்.

ஈரம் குறைந்தாலும் கஷ்டம்தான்: இழை நூல் நூலாக மெலிந்து ஓடும், மொட்டு வைத்தாலும் பாதியில் கருகும். அதற்காகப் பைக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். இழை பரவும் 15, 20 நாளும் பை தன் ஈரத்திலேயே வாழ வேண்டும்.

இழை பரவி முடிந்து பையைப் பிரித்த பிறகு கதை வேறு. அறையின் ஈரப்பதம் 85 சதவீதம் வேண்டும். தரையில் ஈர மணல், சுவரோரம் நனைத்த சாக்கு போதும். காலையும் மாலையும் பனிபோலத் தெளியுங்கள். காளானின் மேல் நீர் தங்கினால் மஞ்சளாகி அழுகும்.

இப்போது கையில் இருக்கும் பையைத் தூக்கிப் பாருங்கள். மேல்பகுதி வெள்ளையாக ஓடியிருந்து அடியில் மட்டும் நீர் நின்றால், தீயில் காட்டிய ஊசியால் அடியில் நாலைந்து துளை போட்டுத் தொங்கவிடுங்கள், வடிந்துவிடும். பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ வைக்கோல் கொழகொழவென்று ஆகியிருந்தாலோ அறைக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்க் குழியில் புதைத்துவிடுங்கள்.