கயாக் தூண்டில்காரர்களுக்கு ஸ்பான்சர்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் சிலர் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) மீன்பிடிப் போட்டிகளைப் பற்றியும் அதில் கிடைக்கும் ஸ்பான்சரைப் பற்றியும் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கான்ரோ ஏரியில் நான்கு வருடமாகக் கயாக்கில் தூண்டில் போடுகிறேன். கிளப் போட்டிகளில் முதல் பத்துக்குள் வந்துவிடுகிறேன். இன்னும் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. எத்தனை போட்டி ஜெயித்தால் ஸ்பான்சர் கிடைக்கும்?

பதில்: கூப்பிட மாட்டார்கள், நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். எத்தனை போட்டி என்ற கணக்கும் கிடையாது. ஜெயித்ததற்குப் பரிசு கொடுப்பது போட்டி நடத்துகிறவர்களின் வேலை. 2018ல் கே.பி.எஃப். என்கிற கயாக் பாஸ் ஃபிஷிங் (பாஸ் என்பது ஒரு வகை மீன்) அமைப்பின் தேசியப் போட்டியில் முதல் பரிசே 1 லட்சம் டாலர். கயாக் செய்கிற கம்பெனியும் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் விற்கிற கம்பெனியும் பார்ப்பது வேறு. இந்த ஆள் சொன்னால் நாலு பேர் நம் பொருளை வாங்குவார்களா, படகுத்துறையில் புதிதாக வருகிறவர் எதையாவது கேட்டால் நின்று பொறுமையாகப் பதில் சொல்வாரா, நம் பெயர் போட்ட ஜெர்சியைப் போட்டுக்கொண்டு யாரிடமாவது சண்டைக்குப் போவாரா, இதுதான் அவர்கள் கவலை. ஒரு போட்டியும் ஜெயிக்காதவருக்கு ஸ்பான்சர் இருப்பதும், வரிசையாக ஜெயிப்பவர் சொந்தக் காசில் பொருள் வாங்குவதும் இதனால்தான்.

ஸ்பான்சர் என்றதும் மாதாமாதம் பணம் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலோருக்குக் கிடைப்பது தள்ளுபடிதான். கடை விலையிலிருந்து ஒரு பங்கைக் குறைத்துத் தருவார்கள், கூடவே உங்கள் பெயரில் ஒரு குறியீடு (code) தருவார்கள், அதைப் போட்டு யாராவது வாங்கினால் சில கம்பெனிகள் கமிஷனும் கொடுக்கும். அதற்கு மேலே போனால் இரை, தூண்டில் நரம்பு, தொப்பி, துடுப்பு மாதிரியானவை இலவசமாக வரும். அதற்கும் மேலே ஒரு வருடம் ஓட்டக் கயாக்கே தருவார்கள், சிலர் அதை வருடக் கடைசியில் திருப்பிக் கேட்பார்கள் அல்லது குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கைக்குக் காசு என்பது உச்சியில் இருக்கிற மிகச் சிலருக்குத்தான். தங்கள் கயாக்கையோ மோட்டாரையோ வைத்து ஜெயித்தால் இவ்வளவு என்று தனியாக போனஸ் அறிவிக்கிற கம்பெனிகளும் உண்டு, அதற்கு ஸ்பான்சர் ஒப்பந்தமே தேவைப்படாமலும் இருக்கலாம், பெயரைப் பதிவு செய்து வைத்தால் போதும் என்பார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே இதை விசாரித்து வையுங்கள், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

தள்ளுபடி என்றால் கேவலம் இல்லை. ஹோபி கம்பெனியின் புரோ ஆங்லர் 14 மாதிரியான, காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் 5,000 டாலரைத் தாண்டும், அதற்கு மேல் மீன் காட்டும் கருவி, பேட்டரி, டிரெய்லர் எல்லாம் இருக்கிறது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் குறைகிற காசு நல்ல காசுதான். வாங்கும் எண்ணமே இல்லாத பொருளைத் தள்ளுபடிக்காக வாங்கிவிட்டு ஸ்பான்சர் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் செய்தவர் கம்பெனிக்குக் கிடைத்த இன்னொரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

கேள்வி: விண்ணப்பத்தில் என்னதான் கேட்கிறார்கள்? என்ன எழுதினால் எடுபடும்?

பதில்: நிறையக் கம்பெனிகள் இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரைக்கும் அடுத்த வருடத்துக்கான புரோ ஸ்டாஃப் (கம்பெனி ஸ்பான்சர் செய்கிற தூண்டில்காரர்கள்) விண்ணப்பங்களை வாங்கும். எந்த ஊர், எந்தெந்த ஏரி, என்ன மீன், இப்போது எந்தக் கயாக், எந்தப் போட்டிகளுக்குப் போகிறீர்கள், வேறு யார் ஸ்பான்சர், சமூக வலைத்தளங்களில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற டீலர் யார் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியை யாரும் கண்டுகொள்வதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். கயாக் இன்னும் கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்குகிற பொருள். உங்கள் ஊர்க் கடைக்காரர் "கயாக்கை ஓட்டிப் பார்க்க விடுகிற நம்ம டெமோ நாளுக்கு இவர் வந்து, நாள் முழுக்க நின்று, ஆட்களைக் கயாக்கில் ஏற்றி இறக்கினார்" என்று ஒரு வரி சொன்னால் பத்தாயிரம் ஃபாலோயர்களைவிட அதற்கு எடை அதிகம். அதனால் கம்பெனிக்கு எழுதுவதற்கு முன்னால் கடைக்குப் போங்கள். பல பேருக்கு முதல் ஸ்பான்சரே அந்தக் கடைதான்.

அப்புறம் கடிதம். "நான் மீன்பிடிப்பதில் மிகுந்த ஆர்வம் உள்ளவன், உங்கள் பொருட்கள் மிகவும் பிடிக்கும், வாய்ப்பு கொடுத்தால் நன்றாகச் செய்வேன்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு அதில் எதுவும் இல்லை. ஆர்வம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, "உங்கள் கயாக்கைச் சொந்தக் காசில் வாங்கி இரண்டு சீசன் ஓட்டிவிட்டேன், என் கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை ஏரியில் கவிழ்ந்தால் மறுபடி ஏறுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன், படங்கள் இணைப்பில், வரும் வருடம் இந்த இந்தப் போட்டிகளுக்குப் போகிறேன்" என்று எழுதுங்கள். எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, விசாரிப்பார்கள். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி இருபது கம்பெனிக்கு அனுப்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஒரு கடிதத்தில் மேலே ஒரு கம்பெனி பெயரும் கீழே அதன் போட்டிக் கம்பெனி பெயரும் இருந்தது. தயவுசெய்து வேண்டாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கயாக் பாஸ் போட்டிகளில் மீனைக் கொண்டுவந்து எடை போடுவதில்லை. அளவுப் பலகையில் வைத்துப் படம் எடுத்து, செயலியில் ஏற்றிவிட்டு, மீனை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஐந்து பெரிய மீன்களின் நீளத்தைக் கூட்டினால் அதுதான் ஸ்கோர், கால் அங்குலக் கணக்கில். அந்தப் படத்தில் மீனின் வாய் மூடி, பலகையின் முனைத் தடுப்பில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும், வால் கோட்டின் மேல் தெரிய வேண்டும், அன்றைய போட்டிக்குக் கொடுத்த குறியீட்டு அட்டை படத்துக்குள் இருக்க வேண்டும். ஆடுகிற கயாக்கில், ஈரக் கையோடு, துள்ளுகிற மீனை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அரை நிமிடத்தின் கஷ்டம் தெரியும். அது நடுவருக்கான படம். ஸ்பான்சர் கேட்பது வேறு. முகம் தெரிய வேண்டும், வெளிச்சம் முன்னால் இருந்து விழ வேண்டும், கயாக்கின் பெயர் மறையாமல் இருக்க வேண்டும், பெரிய மீன் என்றால் ஒரு கை வயிற்றுக்குக் கீழே தாங்கியிருக்க வேண்டும். முக்கியமாக லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்க அது கட்டாயம். அது இல்லாத படத்தைக் கம்பெனி விளம்பரத்தில் போட முடியாது. நான் சொல்வது விளம்பரத்துக்காக மட்டும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு அடைத்துப்போகும். இதில் மட்டும் யாரோடும் சமாதானம் கிடையாது எனக்கு.

கேள்வி: ஒரு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஆறு பக்கம். கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆறு பக்கத்தையும் படியுங்கள். அதில் மூன்று இடங்களில் நின்று படியுங்கள்.

முதலாவது, வேறு யாரோடு சேரக்கூடாது என்கிற பிரிவு. கயாக் ஒரு கம்பெனி, மீன் காட்டும் கருவி வேறு கம்பெனி, மோதல் எங்கே வரப்போகிறது என்று நினைப்போம். ஆனால் ஓல்ட் டவுன் கயாக், ஹம்மின்பேர்ட் மீன் காட்டும் கருவி, மின் கோட்டா மோட்டார் மூன்றும் ஜான்சன் அவுட்டோர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. ஏற்கெனவே மீன் காட்டும் கருவி செய்கிற வேறு கம்பெனிகளான கார்மினோடோ லோரன்ஸோடோ பேசிவைத்திருக்கிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போட்டியில் என்ன ஓட்டலாம் என்பதும் இதில்தான் வரும். ஹோபி நடத்தும் பாஸ் ஓப்பன் தொடரில் வேறு கம்பெனிக் கயாக்கிலும் கலந்துகொள்ளலாம், ஆனால் உங்கள் ஸ்பான்சர் அதற்குச் சரி என்கிறாரா என்பது உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, படங்கள் யாருக்குச் சொந்தம் என்பது. "காலவரையின்றி, எந்த ஊடகத்திலும், கூடுதல் கட்டணமின்றி" என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் விலகிப்போன பிறகும் உங்கள் முகத்தை அவர்கள் விளம்பரத்தில் போடலாம் என்று அர்த்தம். கேட்டுப் பாருங்கள், ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் என்று மாற்றிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, நீங்கள் செய்ய வேண்டியது. மாதம் இத்தனை பதிவு, வருடம் இத்தனை டெமோ நாள், இத்தனை போட்டி என்று எண்ணிக்கை போட்டிருப்பார்கள். பெட்ரோல், தங்குமிடம், போட்டிக் கட்டணம் யார் கொடுப்பது என்று அதில் இல்லாவிட்டால் நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள். கூட்டிப் பார்த்து, உங்களுக்கு வருகிற பொருளின் விலையைவிடச் செலவு அதிகமானால் மரியாதையாக மறுத்துவிடலாம், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். கயாக் கம்பெனி ஒன்று பொருளும், கொஞ்சம் பணமும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி, நம் ஆட்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசியம். எச்-1பியில் இருப்பவர் அந்த விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். பதிவு போடுகிறேன், டெமோ நாளுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அதற்குப் பதிலாகப் பணம் வாங்கினால் அது வேலையாகக் கருதப்படலாம், பணத்துக்குப் பதில் கயாக்காக வாங்கினாலும் அதே கதைதான். அனுமதி இல்லாமல் வேலை செய்தார் என்று ஒரு பேச்சு வந்தால் பின்னால் கிரீன் கார்டு வரைக்கும் இடிக்கும். எஃப்-1 மாணவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. எச்-1பிக்காரரின் கணவர் அல்லது மனைவியாக எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி அட்டை வாங்கியிருப்பவர் எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம்.

கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அந்த ஆலோசனைக் கட்டணம் உங்களுக்குக் கயாக்கைவிட மலிவு. கிரீன் கார்டு வரும்வரை சொந்தக் காசில் வாங்கி, சந்தோஷமாகத் தூண்டில் போட்டு, பெயரைச் சம்பாதித்து வையுங்கள்.

கேள்வி: இலவசமாக வந்த ரீலைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறேன். ஸ்பான்சர் என்று சொல்ல வேண்டுமா? வரி கட்ட வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் பதில் ஆம் என்பதுதான். அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யின் விதிப்படி, பொருளோ பணமோ தள்ளுபடியோ வாங்கியிருந்தால் பார்க்கிறவர் கண்ணில் படும்படி அதைச் சொல்ல வேண்டும். வீடியோவுக்குக் கீழே இருக்கிற விவரப் பகுதியில் மட்டும் ஒளித்துவைத்தால் போதாது, வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும். இன்னொன்று, எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அதே மொழியில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தமிழில் முழுக்கப் புகழ்ந்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேக் போட்டு நகர்வது சரியில்லை. "இந்த ரீலை கம்பெனி இலவசமாகக் கொடுத்தது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் அதற்காக வீடியோவை மூடிவிட்டுப் போகமாட்டார்கள்.

வரியைப் பொறுத்தவரை, நீங்கள் செய்கிற வேலைக்குப் பதிலாக வந்த பொருளின் சந்தை விலை வருமானம்தான். வேலையாள் அல்லாதவருக்குக் கொடுத்ததைக் காட்டிக் கம்பெனி அனுப்பும் 1099-என்.இ.சி. படிவத்தை 2025 வரை 600 டாலரிலிருந்து அனுப்பினார்கள், 2026லிருந்து அந்த வரம்பு 2,000 டாலர். படிவம் வரவில்லை என்பதால் வருமானம் இல்லை என்று ஆகாது. பொழுதுபோக்கு என்று கணக்குக் காட்டினால் செலவைக் கழிக்க முடியாது, 2018லிருந்து அப்படித்தான். தொழிலாக நடத்துகிறவர்கள் ரசீதுகளைச் சேர்த்துவைத்து ஒரு கணக்கரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் போட்டியே பிடிக்காது. விடியற்காலை தனியாகப் போய்வருவதுதான் பிடிக்கும். என்னைப் போன்ற பெண்களுக்கு ஸ்பான்சர் கிடைக்குமா? (நியூஜெர்சி வாசகி)

பதில்: கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு, எப்படிக் காரின் மேல் ஏற்றுவது, எந்தக் காற்றில் போகக்கூடாது, தனியாகப் போகும்போது யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று பொறுமையாகக் காட்டுகிறவர்கள் குறைவு. போட்டிக்காரர்கள் பேசுவது ஏற்கெனவே கயாக் வைத்திருப்பவர்களிடம். நீங்கள் பேசப்போவது இனிமேல் வாங்கப்போகிறவர்களிடம், கம்பெனிக்கு அவர்கள்தான் வேண்டும். ஆனால் பார்ப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். டீலரே இல்லாத ஊரில் லட்சம் பேர் பார்த்தாலும் அவர்களுக்கு விற்பனை இல்லை. அமெரிக்காவில் இருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை எடுத்து, சின்ன எண்ணாக இருந்தாலும் அதையே அனுப்புங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன் விண்ணப்பிக்கலாமா?

பதில்: சில கம்பெனிகளில் இளையோருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், சமூக வலைத்தளக் கணக்கு உங்கள் பார்வையில் இருக்கட்டும். படிப்பு நாட்களில் டெமோ நாள் வைக்கக்கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.