2 முதல் 5 கிராம் லூர் (செயற்கை இரை) வீச ஓர் அல்ட்ராலைட் பெய்ட்காஸ்டிங் ராட் (தூண்டில் கம்பு) நானே கட்ட வேண்டும். எந்தப் பாகத்தில் காசு போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். இதுவரை மூன்று ராட் கட்டியிருக்கிறேன். அதில் முதலாவது குப்பை. அந்தக் குப்பையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் ராடுக்கு நான் ஆசைப்பட்டு வாங்கியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். மரக் கைப்பிடி, பளபளக்கும் ரீல் சீட் (ரீலை மாட்டும் இடம்), கைடைக் கட்ட இரண்டு நிற நூல். கைடு, அதாவது நரம்பு (தூண்டில் கயிறு) ஓடும் வளையம், மட்டும் கிடைத்ததைப் போட்டேன். கட்டி முடித்து சமையலறைத் தராசில் வைத்தால், கடையில் வாங்கிய பழைய ராடைவிட எடை குறைவு. ஒரே சந்தோஷம். முட்டுக்காடு உப்பங்கழியில் போய் நின்று அரை மணி நேரம் வீசியதும் மணிக்கட்டு வலித்தது. ஒட்டடைக் கம்பைக் கையில் பிடித்திருப்பதுபோலவே இருந்தது. ஒட்டடைக் கம்பும் அப்படி ஒன்றும் எடையானது கிடையாது. ஆனால் கனம் எல்லாம் தலையில் இருப்பதால் கை ஓய்ந்துபோகும். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், அதே கம்பு விளையாட்டுச் சாமானாகிவிடும்.

கணக்கு இதுதான்: ஒன்றை வீசிச் சுழற்றும்போது அதன் எடையைவிட, கையிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 6 அடி ராடில் நுனி கைப்பிடியிலிருந்து சுமார் 1.6 மீட்டர். ரீலுக்கு அடுத்த முதல் கைடு சுமார் அரை மீட்டர். நுனியில் நீங்கள் ஏற்றும் 1 கிராம், முதல் கைடு இருக்கும் இடத்தில் ஏற்றும் 10 கிராமுக்குச் சமம். கைப்பிடியில் எவ்வளவு ஏற்றினாலும் கைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆகவே காசை நுனியிலிருந்து கைப்பிடி நோக்கிச் செலவழித்துக்கொண்டு வாருங்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ரீல். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் இருக்கலாம். அது சாதாரண ரீல் என்றால், எவ்வளவு நல்ல ராட் கட்டினாலும் 3 கிராம் லூர் பத்தடி தள்ளித்தான் விழும். காரணம், ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) அசையாது, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங்கில் லூர்தான் ஸ்பூலையே இழுத்துச் சுற்ற வைக்க வேண்டும். சாதாரண ஸ்பூல், அதில் சுற்றிய நூறு மீட்டர் நரம்பு, எல்லாவற்றையும் மூன்று கிராமால் கிளப்ப முடியாது. ஜப்பான்காரர்கள் 'பெய்ட் ஃபினெஸ் சிஸ்டம்', சுருக்கமாக பி.எஃப்.எஸ். என்று தனி ரீல் வகையே உண்டாக்கியது இதற்காகத்தான். ஆழமில்லாத, பத்து கிராமை ஒட்டிய ஸ்பூல், அதில் நாற்பது ஐம்பது மீட்டர் நரம்பு மட்டும். சில ரீல்களுக்கு ஸ்பூலை மட்டும் தனியாக மாற்றலாம். அதை முதலில் விசாரியுங்கள். 'இந்த எடைக்கு ஸ்பின்னிங் ரீலே போதாதா?' என்று யாராவது கேட்டால், போதும், விலையும் குறைவு, தலைவலியும் குறைவு. ஆனால் கட்டைவிரலால் ஸ்பூலைத் தொட்டு, லூரைத் தாமரை இலைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இறக்கும் சுகம் அதில் வராது.

அடுத்து பிளாங்க், அதாவது எதுவும் பொருத்தாத வெறும் ராட் குழாய். ஸ்பின்னிங் பிளாங்க், காஸ்டிங் பிளாங்க் என்று இரண்டு கிடையாது. குழாய் ஒன்றுதான், கைடும் ரீல் சீட்டும்தான் அதை மாற்றுகின்றன. அதனால் ட்ரவுட் மீனுக்கென்று விற்கும் பிளாங்குகளையும் தயங்காமல் பாருங்கள். 'அல்ட்ராலைட்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அதற்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை, ஒரு கம்பெனியின் அல்ட்ராலைட் இன்னொரு கம்பெனியின் லைட்டாக இருக்கும். எழுதியிருக்கும் லூர் எடையைப் பாருங்கள். 1 முதல் 5 கிராம் என்று இருந்தால் சரி. 2 முதல் 10 என்று இருந்தால் அது உங்கள் 2 கிராமுக்கு அசையவே அசையாது.

விளம்பரத்தில் 24 டன், 30 டன், 40 டன் கார்பன் என்று போட்டிருப்பார்கள். அது பலம் அல்ல, விறைப்பு. டன் ஏற ஏற அதே விறைப்புக்குக் குறைந்த கார்பன் போதும், அதனால் எடை குறையும், தட்டினால் உடைவதும் எளிதாகும். பெய்ட்காஸ்டிங்குக்கு நான் விறைப்பானதைத் தேட மாட்டேன். லூரின் எடையில் ராட் நன்றாக வளைந்து, மெதுவாக நிமிர்ந்து தள்ளினால்தான் ஸ்பூல் சீராகக் கிளம்பும். வெடுக்கென்று நிமிரும் ராடில் ஸ்பூல் ஒரே உதையில் வேகமெடுக்கும், லூர் அந்த வேகத்துக்குப் போகாது, நரம்பு குருவிக்கூடு கட்டிவிடும். என் இரண்டாவது ராட் 24 டன், மூன்றாவது முழுக்கக் கண்ணாடியிழை. கண்ணாடியிழை கனம்தான், பழைய சரக்கு என்று கிண்டலும் செய்வார்கள். ஆனால் ஐந்தடிக்குள் கட்டினால் அந்தக் கனம் தெரியாது. வீசுவதற்கு அதைவிடச் சுகமானது நான் பிடித்ததில்லை.

கையில் கிடைத்த பிளாங்கை அளக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஹேனிமன் என்பவர் உண்டாக்கிய 'காமன் சென்ட்ஸ்' முறை. பிளாங்கின் அடியை மேசையில் கிடைமட்டமாக இறுக்கிவிட்டு, நுனியில் ஒரு சிறு பையைக் கட்டி, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழே இறங்கும்வரை நாணயம் போட வேண்டும். அவர் போட்டது 2.5 கிராம் எடையுள்ள ஒரு சென்ட் நாணயம். நான் நம் ஊர்ச் சில்லறையைப் போட்டு, பையை நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துவிடுவேன். என் 24 டன் ராட் ஏறக்குறைய 80 கிராமில் அந்த அளவு வளைந்தது. நண்பர் வைத்திருக்கும், அதே 'அல்ட்ராலைட்' முத்திரை குத்திய ராட் 130 தாண்டியும் இறங்கவில்லை.

கைடுதான் காசு போக வேண்டிய இடம். பெய்ட்காஸ்டிங்கில் நரம்பு ஸ்பூலிலிருந்து நேராக வருகிறது, ஸ்பின்னிங்போல வளையம் வளையமாக வருவதில்லை. அதனால் பெரிய முதல் கைடு தேவையில்லை. நான் ஃபூஜி கம்பெனி கைடுகளில் முதல் இரண்டுக்கு கேபி வகையில் 5.5 அல்லது 5, மீதி எல்லாம் கேடி வகையில் 4.5 போடுகிறேன். 4-ம் கிடைக்கும், ஆனால் மெல்லிய பின்னல் நரம்பில் லீடர் (முனையில் சேர்க்கும் தனி நரம்பு) முடிச்சு போட்டு வீசுபவர் அந்த முடிச்சு தடுக்காமல் போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். 0.6 எண் பி.இ. (பின்னல்) நரம்பின் விட்டம் 0.128 மி.மீ.தான், லீடரோடு சேர்ந்த முடிச்சு அதைப்போலப் பல மடங்கு.

கைடுக்குள் இருக்கும் செராமிக் வளையம் அல்கோனைட்டா, எஸ்ஐசியா, டோர்சைட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அல்கோனைட் போதும். ஏரியில் ஜிலேபி, குறவை மட்டும் என்றால் அந்த வளையத்தைத் தாங்கும் சட்டமும் ஸ்டீல் போதும். உப்புத் தண்ணீர் என்றால் நுனிப் பக்கம் நான்கைந்து கைடாவது டைட்டானியம் சட்டம் வாங்குங்கள். எடையும் குறையும், துருவும் வராது. நூலுக்கு அடியில் ஆரம்பிக்கும் துரு வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். 6 அடிக்கு ஏழெட்டு கைடு, நுனி தனி. பெய்ட்காஸ்டிங் ராடில் கைடுகள் மேலே இருப்பதால் குறைவாகப் போட்டால் ராட் வளையும்போது நரம்பு பிளாங்கில் உரசும். ஒட்டுவதற்கு முன் சைக்கிள் வால்வ் ட்யூபை வளையம் வளையமாக நறுக்கி, அதை மாட்டிக் கைடுகளை நிறுத்துங்கள். நரம்பைக் கோத்து ராடை நன்றாக வளைத்துப் பார்த்து, உரசும் இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே போகும், போகட்டும்.

அப்புறம் எபாக்ஸி, கைடைக் கட்டிய நூலின்மேல் பூசும் இரண்டு பாகப் பசை. முதல் ராடில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். கண்ணாடிபோல உருண்டு வரவேண்டும் என்று நுனிக் கைடுகளில் இரண்டு தடிமனான பூச்சு கொடுத்தேன். ஒரு சின்ன கைடே ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், நான் பூசிய எபாக்ஸி அதைவிட அதிகம். ஒரே பூச்சு, நூல் நனைந்தால் போதும். இரண்டு பாகமும் சரிசமமாக இருக்க சிரிஞ்சில் அளந்து கலக்குங்கள். சென்னை வெயிலில் சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். காயும்வரை ராடைச் சுற்ற மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டார் அருமை. எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். 220 வோல்ட்டில் ஓடுவதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், குறைந்த வோல்ட்டில் ஓடுவதும் உண்டு. நூல் 'ஏ' அளவு நைலான். சாதா நைலான் எபாக்ஸி பட்டதும் கறுத்துப்போகும் என்பதால் நிறத்தில் ஆசை வைக்காதீர்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டியது கைப்பிடியில். ரீல் சீட் ஃபூஜி ஏசிஎஸ் 16 அளவே போதும். உள்ளே சுமார் 16 மி.மீ. துளை, உங்கள் பிளாங்க் அடி எட்டு மி.மீ. சுமாருக்கு இருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளிக்கு நுரை ஆர்பர் போடுங்கள், மாஸ்கிங் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், தண்ணீர் பட்டு ஊறி ரீல் ஆட ஆரம்பிக்கும். கைப்பிடிக்குக் கார்க் அழகு. நம் வியர்வைக்கு ஈவிஏ நுரை வசதி. பின்பிடி முழங்கையில் இடிக்காத நீளம் இருந்தால் சரி, ஒரு கையால் சுண்டி வீசுவதற்கு அதுதான் தேவை.

நுனிக் கைடை மட்டும் எபாக்ஸி போட்டு ஒட்டாதீர்கள். ஹாட் மெல்ட் பசை போட்டால் பிறகு சூடு காட்டிக் கழற்றலாம். கழற்ற வேண்டியது கட்டாயம் வரும். என் முதல் ராடின் நுனி போனது மீனால் அல்ல, வீட்டு சீலிங் ஃபேனால்.