Re: புது பாலம் போட்டதுல இருந்து தென்னந்தோப்புக்குள்ள தண்ணி நிக்குது

அண்ணே, பழைய கல்பாலம் 6 அடி அகலம் 4 அடி உயரம்னு போட்டிருக்கீங்க, அதை இடிச்சுட்டு 2 அடி விட்டத்துல ஹியூம் பைப் (உருண்டை சிமெண்ட் குழாய்) ரெண்டு பதிச்சிருக்காங்கன்னா கணக்கு போட்டுப் பாருங்க, முன்னாடி 24 சதுர அடி வாய், இப்போ ரெண்டு பைப்பும் சேர்த்தே 6 சதுர அடி சொச்சம் தான், பெருமழையில ஓடைத் தண்ணி வேற எங்க போகும், மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், தேங்கி ஏறி உங்க தோப்புக்குள்ள தான் வரும். இதுல ஒரு தென்னமட்டை பைப் வாயில குறுக்க மாட்டினா போச்சு, அதுல குப்பை சேர்ந்து அரை பைப் அடைச்சுரும்.

ஆனா மனு எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு செக் பண்ணுங்க. அடுத்த மழையில பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தண்ணி மட்டத்தை பெயிண்ட்ல குறிச்சு போட்டோ எடுங்க. மேல்பக்கம் ஒண்ணு ரெண்டு அடி உசரமா நின்னா குத்தம் பைப் தான். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்னா கீழ இருக்கற தடுப்பணையோ ஏரியோ தண்ணியைப் போக விடாம எதிர்க்குது, அப்போ பெரிய பாலம் கட்டியும் பிரயோஜனமில்ல.

கீழ்ப்பக்கம், தண்ணி வெளிய போற இடத்துல குழி பறிக்குதுன்னு சொன்னீங்கள்ல, அதை சாதாரணமா விடாதீங்க. குறுகின வாய்ல வேகமா வர்ற தண்ணி அடிமண்ணை அரிச்சுட்டே போகும். 2018 வெள்ளத்துல திருச்சி பழைய கொள்ளிடம் பாலமே தூண் இறங்கி விழுந்துச்சு. பைப்புக்குப் பதிலா பாக்ஸ் பாலம் (பெட்டி மாதிரி சதுர வாய் வச்ச கான்கிரீட் பாலம்) கேளுங்க, கூடவே கீழ்ப்பக்கம் கான்கிரீட் தளமும். ஊராட்சி ஒன்றிய ரோடுன்னா பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல மனுவை அந்த போட்டோவோட குடுங்க.