மவுஸைத் தொடாமல் கீபோர்டாலேயே ஓட்ட நல்ல பிரவுசர் எது? கட்டற்ற மென்பொருளாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) இருக்க வேண்டும்.

கும்பகோணம் பக்கத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் சம்பா பயிர்க் காப்பீடு பதிய சிட்டா, அடங்கல், பாஸ்புக் ஜெராக்ஸோடு வாசல் வரை ஆள் நிற்பார்கள். ஒரு வருஷம் மவுஸை உருட்டி உருட்டியே மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் கீபோர்டுக்கு மாறியது அந்த வலியால்தான், ஆசைப்பட்டு இல்லை.

முதலில் பிடித்தது க்யூட்பிரவுசர். ஃப்ளோரியன் ப்ரூயின் என்பவர் பைத்தான் நிரல்மொழியில் தொடங்கியது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம். எஃப் விசையைத் தட்டினால் பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஓரிரு எழுத்து முளைக்கும். அதைத் தட்டினால் இணைப்பு திறக்கும். இரண்டே நாளில் கை பழகிவிடும். ஆனால் குரோம், ஃபயர்பாக்ஸ் நீட்சிகளுக்கு, அதாவது பிரவுசரில் கூடுதலாகப் போடும் துணை நிரல்களுக்கு, இதில் முறையான ஆதரவு இல்லை. டெபியன் லினக்ஸ் வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: இதன் அடியில் ஓடி பக்கங்களைக் காட்டும் க்யூட்டி வெப்எஞ்சினுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உறுதியில்லை என்று டெபியன்காரர்களின் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் ஆதார் எண்ணைத் தட்டுகிற மெஷினில் அது எனக்கு ஒத்துவரவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை தமிழ். நான் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுபவன். அதில் எஃப் இருக்கும் இடத்தில்தான் புள்ளி! தமிழுக்கு மாற்றியதை மறந்துவிட்டு எஃப் தட்டினால் ஒன்றும் நடக்காது. வரிசையில் நிற்பவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் திரையைப் பார்ப்பேன்.

இதற்கு விமியத்தில் வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும் ஓடும் கட்டற்ற நீட்சி அது. எந்த மொழி என்று பார்க்காமல் விசை இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அமைப்பில் ஒரு டிக் போட்டால் போதும். தொந்தரவு செய்யும் தளத்தில் மட்டும் அணைத்தும் வைக்கலாம்.

குறையும் உண்டு. பிரவுசரின் சொந்த அமைப்புப் பக்கங்களில் எந்த நீட்சியும் வேலை செய்யாது. பிரவுசர் மாறினால் நீட்சியின் கதி என்ன என்பதும் நம் கையில் இல்லை. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது விம்பரேட்டர், பென்டடாக்டில் என்ற இதே மாதிரி கீபோர்டு நீட்சிகள் இரண்டும் ஒரே அடியில் போயின. அந்த இடத்துக்கு வந்ததுதான் ட்ரைடாக்டில். விமியத்தைவிட வசதி அதிகம், கற்க நேரமும் அதிகம்.

விவால்டி என்ற பிரவுசரைச் சிலர் சொல்வார்கள். விசை வசதி அருமைதான், காசும் இல்லை. ஆனால் அதன் முகப்புப் பகுதி மூடிய நிரல், நீங்கள் கேட்டது கட்டற்றது.

கடையில் ஃபயர்பாக்ஸும் விமியமும். என் சொந்த லேப்டாப்பில், ராத்திரி படிக்க மட்டும், க்யூட்பிரவுசர். நீங்களும் விமியத்தில் தொடங்குங்கள். போட்டதும் கேள்விக்குறியை ஒரு தட்டு தட்டினால் எல்லா விசைகளும் பட்டியலாக வரும். எழுதும் பெட்டிக்குள் கர்சர் நின்றால் முதலில் எஸ்கேப் தட்டுங்கள்.