ஜெபக்குறிப்பு ஊர்ப்பேச்சாகும்போது

அன்புள்ள அக்கா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடலாம். என் பெயரும் சபைப் பெயரும் வேண்டாம். என் மகனைப் பற்றிய ஒரு கஷ்டத்தை எங்கள் சபையில் ஒரு சகோதரியிடம் மட்டும் சொல்லி, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் எல்லாவற்றையும் பெயர் சொல்லி, அழுது ஜெபித்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாசாரில் மீன் விற்பவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவிலும் ஜெபக்குறிப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நான் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டில் தனியாக ஜெபிக்கிறேன். சபை கூடிவருவதை விட்டுவிடக்கூடாது என்கிற எபிரெயர் 10:25-ஐச் சொல்லி பாஸ்டர் வரச் சொல்கிறார். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதானே? கூட்டமாக ஜெபிப்பது தப்பா, இல்லை நான் ஒதுங்கியிருப்பது தப்பா? அடுத்த மாதம் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் நடத்துவது என் முறை. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகனைப் பற்றி எழுதியிருந்த வரிகளை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். மிச்சத்தையும் உங்களுக்கு அனுப்பிக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே போட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒதுங்கியது தப்பில்லை. அந்தச் சகோதரி செய்தது தப்பு. அவர் அழுதது உண்மையான அழுகையாகவே இருக்கலாம், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நமக்காக அழுகிறவர் என்பதால் நம் விஷயத்தை நாலு பேர் முன்னால் எடுத்து வைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது.

இயேசு சொன்ன அந்த வசனத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சேர்த்துப் பார்ப்போம். மத்தேயு 6:5-இல் 'மனுஷர் காணும்படியாக' ஜெபிக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த வசனத்தில் அறைக்குள் போகச் சொல்கிறார். கூட்டமாக ஜெபிப்பதே தப்பு என்று இதற்கு அர்த்தம் சொன்னால், அவர் வாழ்ந்த வாழ்க்கையோடு அது பொருந்தாது. ஜெப ஆலயத்துக்குப் போவது அவருக்கு வழக்கம். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்குமுன் எல்லார் கண் முன்னால்தான் வானத்தை அண்ணாந்து பார்த்து ஆசீர்வதித்தார். லாசருவின் கல்லறை முன்னால் சத்தமாக ஜெபித்தார். சூழ்ந்து நிற்கும் ஜனங்களுக்காகவே இப்படிச் சொல்கிறேன் என்று அந்த ஜெபத்திலேயே சொல்கிறார். விடியுமுன் எழுந்து தனி இடத்துக்குப் போனவரும் அவர்தான். அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்கிற ஜெபத்தைத்தான் அவர் வேண்டாம் என்கிறார்.

அதே பகுதியில் எட்டாம் வசனத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறது அது. இதை வைத்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னார் மகன், இந்த இடத்தில், இந்தக் கிழமை, இப்படிச் செய்தான் என்று விவரம் சொல்கிறார் என்றால், அந்த விவரம் கடவுளுக்காக இல்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது. ஜெபம் என்ற பெயரில் செய்தி சொல்லப்பட்டுவிடுகிறது. ஜெபமாகச் சொன்னதால் யாரும் எழுந்து, அம்மா இதைச் சொல்லாதீர்கள் என்று தடுக்கவும் முடியாது. பேச்சாகச் சொல்லியிருந்தால் நீங்களே தடுத்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நீங்களும் நானும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தடுப்பு கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் பிள்ளை இருமினால் நம் வீட்டில் கேட்கும். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க அங்கே அறை எங்கே இருந்தது? எங்கள் அம்மாவுக்கு அந்த அறை ரப்பர்க் காட்டில்தான் கிடைத்தது. இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், தன் நிரையில் இருக்கும் மரங்களில் எல்லாம் பால் வெட்டி முடித்த பிறகு, பால் வடிந்து கோப்பை நிறையும் வரைக்கும் காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா தன் நிரையிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஜெபிப்பார். என்ன ஜெபித்தார் என்று எங்களில் யாருக்கும் கடைசி வரைக்கும் தெரியாது. வீட்டில் மாலை ஜெபம் வேறு, அது எல்லாரும் சேர்ந்து செய்வது: பாட்டு, சங்கீதம், கர்த்தருடைய ஜெபம். பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தர்களுக்கும் அது கேட்கும், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எதைக் கூரைக்கு மேல் கேட்கும்படி ஜெபிக்கலாம், எதைக் காட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

லயத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழாயடியில் பேசாத பேச்சில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் கேட்காததுபோல நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கஷ்டம் வந்தால் ஜனங்கள் அவர்கள் வீட்டுக்குத்தான் போனார்கள். இன்று தாமான் குடியிருப்பில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு இருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்கள் குறைந்துவிட்டார்களோ என்று எனக்குக் கவலை.

வேதத்தில் உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பவர் அன்னாள் என்று நினைக்கிறேன். பிள்ளையில்லாத துக்கத்தோடு சீலோவில் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போகிறார். பொது இடம்தான், ஆசாரியன் ஏலி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். அன்னாளின் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஏலி அதட்டுகிறான். அவர் மறுக்கிறார். நான் மனம் நொந்த பெண், என் இருதயத்தைக் கர்த்தருக்கு முன்னால் ஊற்றினேன் என்கிறார். அவ்வளவுதான். பிள்ளை வேண்டும் என்று கேட்டதை ஏலியிடம் அவர் சொல்லவே இல்லை. ஏலியும் தோண்டிக் கேட்கவில்லை. சமாதானத்தோடே போ, நீ கேட்ட விண்ணப்பத்தின்படி தேவன் உனக்குச் செய்வாராக என்று அனுப்பிவைக்கிறான்.

ஏலியிடம் எத்தனையோ குறைகள் உண்டு. தன் பிள்ளைகளையே அவனால் திருத்த முடியவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் அவன் செய்தது பெரிய காரியம். கேட்டது என்ன என்று தெரியாமலே 'ஆமென்' சொன்னான். ஒருவருக்காக ஜெபிக்க அவருடைய கதை முழுவதும் தெரிந்திருக்கவேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஜெபக்குறிப்பு கொடுத்தால், என்ன விஷயம், எப்போதிலிருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. ஏலிக்கு அது தேவைப்படவில்லை.

கதை அங்கே முடியவில்லை. சாமுவேல் பிறந்து பால் மறந்த பிறகு அன்னாள் அவனைக் கூட்டிக்கொண்டு அதே ஏலியிடம் வருகிறார். இந்தப் பிள்ளைக்காகத்தான் அன்றைக்கு விண்ணப்பம்பண்ணினேன் என்று அப்போதுதான் வாய் திறந்து சொல்கிறார். அதற்கப்புறம் அவர் செய்த ஜெபம் 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் பத்து வசனமாக இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் சபைகளில் வாசிக்கப்படுகிறது. முதல் ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை, இரண்டாவது எல்லாருக்கும் கேட்கிறது. எதை எப்போது சொல்வது என்று அன்னாளேதான் முடிவுசெய்தார். உங்கள் மகன் விஷயத்தில் அந்த முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார். உங்களுக்கு நடந்த அநியாயம் அதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் தனியாகவே சுமக்கவேண்டும் என்பதில்லை. கெத்செமனேயில் இயேசுவும் அப்படிச் செய்யவில்லை. சீஷர்களில் மற்றவர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரை மட்டும் இன்னும் உள்ளே கூட்டிப் போனார். தன் துக்கத்தை அந்த மூன்று பேரிடம் சொன்னார். பிறகு அவர்களையும் விட்டுக் கல்லெறி தூரம் தள்ளிப் போய் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். எல்லாரிடமும் எல்லாவற்றையும் அவர் சொல்லவில்லை. அந்த மூன்று பேரும் தூங்கிப்போனார்கள் என்பதும் உண்மைதான். தூங்கியவர்களை அவர் கைவிடவில்லை.

சபை கூடி ஜெபிக்கவேண்டியது நிறைய இருக்கிறது. ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சுதந்திர தினமான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி நாம் நாட்டுக்காகவும் மாமன்னருக்காகவும் ஜெபிக்கிறோமே, அது அந்த வகை. கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டு என்று ஒரு பகுதி உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அதைத் திரும்பவும் கொண்டுவரச் சொன்னது. திருச்சபைக்காக, ஆள்வோருக்காக, கஷ்டப்படுகிறவர்களுக்காக என்று ஒவ்வொன்றாக வரும், ஜனங்கள் பதில் சொல்வார்கள். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளிகளுக்காக என்று சொல்லும்போது என் நோயையும் நான் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. கேட்கிற எல்லாரும் கூசாமல் ஆமென் சொல்லக்கூடியதுதான் கூட்ட ஜெபத்துக்கு ஏற்றது.

அப்போஸ்தலர் 12-இல் மாற்கு என்ற யோவானின் தாய் மரியாள் வீட்டில் அநேகர் கூடி ராத்திரியில் ஜெபிக்கிறார்கள். பேதுரு சிறையில் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதனால் வெளிப்படையாக ஜெபிக்கலாம். விடுதலையாகி வந்த பேதுரு கதவைத் தட்டி, உள்ளே வந்ததும் பேசாமலிருக்கக் கை காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டு 'வேறொரு இடத்துக்கு'ப் போனான் என்று முடிகிறது. அந்த இடம் எது என்று லூக்கா எழுதவில்லை. அதைக் காப்பாற்றவேண்டிய காரணம் அன்றைக்கு இருந்திருக்கும். ஜெபக்கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எல்லாவற்றையும் வெளியே பேசுகிறவர்களாக இருந்திருந்தால், பேதுருவைச் சிறையில் போட்ட ஏரோது ராஜாவுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வழிபாட்டு இடங்களை மூடியபோது, இந்தக் குழுக்கள்தான் பல பேரைத் தாங்கிப் பிடித்தன. படுக்கையில் இருந்த பெரியவர்களுக்குக் குரல்பதிவில் ஜெபம் போய்ச் சேர்ந்தது. அந்த நன்மையை மறக்கக்கூடாது. ஆனால் வாயால் சொன்னது அந்த வரவேற்பறையோடு நிற்கலாம். எழுதி அனுப்பியது ஒரே ராத்திரியில் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. உங்கள் குழுவை நடத்துகிறவரிடம் அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். இனிமேல் சம்பந்தப்பட்டவர் அனுமதியில்லாமல் பெயரோ விவரமோ போடக்கூடாது என்று பாஸ்டரே எல்லாருக்கும் சொல்லவேண்டும். அவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எபிரெயர் 10:25-ஐ அவர் சொன்னால், 24-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கலாம்: 'அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து' என்றுதான் தொடங்குகிறது. கூடிவரச் சொல்கிறவர்கள் வருகிறவரைக் கவனித்துக்கொள்ளவும் வேண்டும்.

அந்தச் சகோதரியிடம் நீங்கள் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். கஷ்டம்தான். ஆனால் அவருக்கு இது தப்பென்றே தெரியாமல் இருக்கலாம், அப்படியானால் அடுத்த வாரம் இன்னொரு தாய்க்கும் இதுவே நடக்கும். மத்தேயு 18:15-இல் இருப்பதுபோல அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடினால் நான் அங்கே இருக்கிறேன் என்று இயேசு சொன்னதும் அதே அதிகாரத்தில்தான். உடனே பெரிய கூட்டத்துக்குத் திரும்பவேண்டாம். நம்பகமான ஒருவரோ இருவரோ போதும், அவர்களோடு ஜெபியுங்கள். என் மகனுக்காக என்று மட்டும் சொல்லுங்கள், அவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

பெண்கள் ஐக்கியத்து முறையை முடிந்தால் விட்டுவிடாதீர்கள். முடியாது என்று தோன்றினால் வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள், அதிலும் பாவம் ஒன்றுமில்லை. நடத்துவதாக இருந்தால் சங்கீதம் 130-ஐ மெதுவாக வாசியுங்கள், எட்டே வசனம். பிறகு ஐந்து நிமிடம் எல்லாரும் அவரவர் மனதுக்குள் ஜெபிக்கட்டும், யாரும் சத்தமாகக் குறிப்பு சொல்லவேண்டியதில்லை என்று அறிவித்துவிடுங்கள். கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி முடிக்கலாம். சொல்ல முடியாத கஷ்டத்தோடு அந்த அறையில் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்களோ, அவர்களுக்கும் அது உதவும்.

உங்கள் மகனுக்காக நானும் ஜெபிக்கிறேன். அந்தச் சகோதரியைப் பார்த்த பிறகு எப்படிப் போனது என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை இங்கே போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா