பதிப்புரிமையும் கம்பியூட்டர் பாதுகாப்பும்: நீங்க கேட்டீங்க, டீச்சர் சொல்றேன்

ஐசிடி (கம்பியூட்டர் பாடம்) படிக்கிற புள்ளைங்களும் அம்மாமாரும் அனுப்பின கேள்விங்களுக்கு ஒவ்வொன்னா பதில் போடுறேன்.

ஹட்டன், ஓஎல் மாணவி: டீச்சர், புரொஜெக்ட்டுக்கு கூகுள்ல ஒரு தேயிலைத் தோட்டப் படம் எடுத்தேன், யார் பேரும் இல்ல, அப்ப எடுக்கலாம்தானே?

பேரு இல்லாட்டியும் கேமராவுல அந்தப் படத்த எடுத்தவருக்குத்தான் பதிப்புரிமை, அதாவது அத கொப்பி பண்ண விடுறதா இல்லையான்னு முடிவு பண்ற உரிமை, தங்கச்சி. நம்ம இலங்கையோட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒன்ன உருவாக்கின உடனேயே உரிமை வந்துரும், பதியத் தேவையில்ல. வகுப்புல காட்டுறதுக்கு அளவா பாவிச்சா நியாயமான பாவனைக்குள்ள (கேக்காமலே பாவிக்க சட்டம் விடுற அளவு) வரும், எங்க இருந்து எடுத்தன்னு மட்டும் எழுதிரு, அதையே காலண்டர் அடிச்சு வித்தா அது வேற கதை. பொதுவா பாவிக்க விட்ட படங்கள் இருக்கிற விக்கிமீடியா கொமன்ஸ் வெப்சைட்ல தேடிப்பாரு, ஒவ்வொரு படத்தோடயும் நிபந்தனை போட்டிருக்கும். இல்லாட்டி வெளிய போய் நீயே ஒரு படம் எடு, உரிமை முழுக்க உனக்கு.

தலவாக்கலை, ஏஎல் மாணவன்: நம்ம மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை எழுதினத முழுசா டைப் பண்ணி பிடிஎப் ஆக்கி குரூப்ல போடலாமா?

அவரு காலமானது 1984ல. எழுதினவர் வாழ்நாளும் அதுக்குப் பிறகு 70 வருசமும் உரிமை இருக்கும், அப்ப 2054 வரைக்கும் உரிமைக்காரங்ககிட்ட கேட்டுத்தான் போடணும். பாரதியார் 1921ல போனவரு, அவர் கவிதைய தாராளமா போடு, ஆனா இப்ப உள்ள ஒருத்தர் எழுதின உரையையும் சேர்த்து ஸ்கேன் பண்ணிராத.

நானுஓயா: எங்க தோட்டத்துல பாட்டோட ஆடுற காமன் கூத்த ஒருத்தர் வீடியோ எடுத்து போட்டிருக்காரு. பாட்டு எங்களோடதுதானே, நாங்க டவுன்லோட் பண்ணி எங்க சேனல்ல போடலாமா?

பாட்டு தலைமுறையா வர்றது, தனி ஒரு ஆளுக்குச் சொந்தமில்ல. ஆனா அந்த வீடியோ எடுத்தவரோடது, அதனால அவர்கிட்ட கேளுங்க. ஆடினவங்களுக்கும் சட்டத்துல தனி உரிமை இருக்கு, இத நம்ம ஆளுங்க பலருக்கு யாருமே சொல்லிக் குடுக்கல, அதுதான் எனக்குக் கவலை. அடுத்த வருசம் கூத்து நடக்கிறப்ப ஆடுறவங்ககிட்ட சொல்லிட்டு நீங்களே ரெக்கோர்ட் பண்ணுங்க, எங்க எப்ப ஆடினதுன்னு சேர்த்து எழுதி வைங்க.

பண்டாரவளை: அண்ணன் ஒரு கிராக் ஒபிஸ் (காசு குடுக்காம ஓடுற மாதிரி யாரோ பூட்ட உடைச்சது) கொண்டு வந்தான், போடுறதுக்கு அன்டிவைரஸ ஓஃப் பண்ணச் சொல்லுது. பண்ணலாமா?

பண்ணாதம்மா! காவல்காரன அனுப்பிட்டு கதவத் திறந்து விடுன்னு ஒரு தெரியாத ஆள் சொன்னா திறப்பியா? கம்பியூட்டர் புரோகிராமுக்கும் பதிப்புரிமை இருக்கு, அதனால முதல்ல அது சட்டப் பிழை. அதவிட, கிராக் செஞ்சவன் உள்ள என்ன வச்சிருக்கான்னு உனக்குத் தெரியாது, புரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட் எல்லாத்தையும் சத்தமில்லாம அனுப்புற வைரஸ் இந்த மாதிரி ஃபைல்லதான் நெறய வருது. லிப்ரே ஒபிஸ் போடு, காசும் இல்ல களவும் இல்ல, தமிழ் யூனிகோடும் நல்லா வேலை செய்யும். ஏற்கனவே கிராக் போட்டாச்சுன்னா வேற ஒரு போன்ல இருந்து ஈமெயில் பாஸ்வேர்ட மாத்து, பிறகு பாடங்கள வேற இடத்துல கொப்பி பண்ணி வச்சிட்டு விண்டோஸ புதுசா போடு.

ஹப்புத்தளை: கடையில பிரிண்ட் எடுத்த பிறகு பென் டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் சோர்ட்கட் ஆயிருச்சு.

அந்த சோர்ட்கட்ட கிளிக் பண்ணாத, அதுதான் வைரஸ ஓட்டுற இடம். உன் பாடம் பெரும்பாலும் அழிஞ்சிருக்காது, மறைச்சுத்தான் வச்சிருக்கும், முதல்ல அன்டிவைரஸ்ல ஸ்கேன் பண்ணிட்டு மறைஞ்ச ஃபைல காட்டுற செட்டிங்க ஓன் பண்ணிப் பாரு.

பதுளை, ஒரு அம்மா: டீச்சர், மகன் வாட்ஸ்அப்புக்கு வந்த 6 இலக்க நம்பர கூட்டாளின்னு கேட்டவனுக்கு குடுத்துட்டான், இப்ப உள்ள போக முடியல.

சிம் உங்ககிட்டதானே இருக்கு, பயப்படாதீங்கம்மா. வாட்ஸ்அப்ல அதே நம்பர திரும்பப் போட்டு புது எஸ்எம்எஸ் நம்பர அடிங்க, அவன் வெளிய போயிருவான். அவன் வேற பின் நம்பர் வச்சிருந்தா நீங்க உள்ள போக 7 நாள் பொறுக்க வேண்டி வரும், ஆனா அந்த நேரத்துல அவனும் உள்ள இருக்க மாட்டான். அதுக்கு முன்னாடியே மகன் பேர்ல சொந்தக்காரங்ககிட்ட காசு கேட்டிருப்பான், அதனால இன்னைக்கே எல்லாருக்கும் கோல் எடுத்துச் சொல்லிருங்க. மகன ஏசாதீங்க, ஏசினா அடுத்த தடவை மறைப்பான். கம்பியூட்டர் பாதுகாப்புப் பிரச்சினைய பார்க்கிற ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் 101ல கோல் எடுத்துச் சொல்லுங்க, எக்கவுண்ட் கைக்கு வந்ததும் டூ ஸ்டெப் வெரிஃபிகேசன (நீங்களே வைக்கிற பின் நம்பர்) ஓன் பண்ணுங்க.