விதைப்பந்து வீசலாமா?

கேள்வி: மே மாத விடுமுறைக்கு மாமியார், இரண்டு பிள்ளைகளோடு கொடைக்கானல் வருகிறோம் ஐயா. பேரிஜம் ஏரியைச் சுற்றி நடக்க முடியுமா? மலைமேல் மரமே இல்லாத புல்மேடுகள் இருக்கின்றனவாம். பிள்ளைகள் வேம்பும் புங்கனும் வைத்து விதைப்பந்து உருட்டியிருக்கிறார்கள், அங்கே வீசலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பேரிஜம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது அம்மா. வனத்துறை அனுமதி பெற்று வண்டியில்தான் போக வேண்டும். யானை நடமாட்டம் தெரிந்தால் வழியையே மூடிவிடுவார்கள். பிள்ளைகள் காலாற நடக்க மன்னவனூர் போங்கள். பூம்பாறையைத் தாண்டி, கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஏரியை நோக்கி இறங்கும் சரிவெல்லாம் புல். மாமியார் மேட்டில் உட்கார்ந்தபடியே பேரப்பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருக்கலாம். மே மாதத்தில் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் முக்கியம்.

விதைப்பந்து மட்டும் வேண்டவே வேண்டாம். யாரோ மரத்தை வெட்டி மொட்டையடித்த இடமில்லை அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே மலை மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல் என்றுதான் இந்த மலை இருந்து வந்திருக்கிறது. மார்கழி, தை உறைபனியில் சோலை மரக் கன்று கருகிவிடும்; புல் தாங்கும். மன்னவனூரில் பிள்ளைகளைக் குனியச் சொல்லி ஒரு புல்தூரை விலக்கிக் காட்டுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் காய்ந்த தாள்கள், அதற்கும் அடியில் கறுத்த மண். மழை ஓய்ந்து நாளானாலும் விரலால் அழுத்தினால் ஈரம் தெரியும். அந்த ஈரந்தான் மெல்லக் கசிந்து பள்ளத்துச் சதுப்புக்கு இறங்குகிறது. பேரிஜமே சதுப்பாக இருந்த இடத்தில் கரை கட்டித் தேக்கிய ஏரி. பெரியகுளத்துக்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

வெள்ளைக்காரர் காலம் தொட்டு இந்தப் புல்லைத் தரிசென்று நினைத்து வாட்டில், பைன், தைலமரம் என்று நட்டுத் தள்ளினார்கள். கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடரில் புல்வெளியின் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. வாட்டிலை வெட்டினாலும் தீராது, அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும். நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சியும் நிலைக்காது. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பூக்க இடம் வேண்டாமா?

பிள்ளைகளின் உழைப்பு வீணாக வேண்டியதில்லை. வேம்புக்கும் புங்கனுக்கும் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைதான் ஏற்ற இடம். வேப்ப விதை வெகுநாள் முளைப்புத்திறனோடு இருக்காது; அதனால் நாள் கடத்தாமல், ஊர் திரும்பியதும் அடுத்த மழைக்கு முன்னால் அவர்களையே வீசச் சொல்லுங்கள்.